6. பொதிக்கோப்பை அவிழ்க்கும்போது

கல்பாக்கத்தைச் சுற்றி மென்பொருளை மூலநிரலாக இறக்கி, தாமே கம்பைல் செய்து பயன்படுத்துவோர் பல வகையினர். இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் முனைவர் பட்டத்துக்கு உழைப்பவர்கள் உண்டு. திட்டப்பணிக்காகப் பேருந்தேறி வரும் பொறியியல் மாணவர்கள் உண்டு. புதுப்பட்டினத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் திருக்கழுக்குன்றத்திலும் அரசு தந்த மடிக்கணினியில் நிரல் எழுதிப் பழகியவர்களும் உண்டு. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்கள் என்பது இந்தத் தலைமுறைக்குப் புதிதல்ல.

இவர்கள் வேலை செய்யும் விதமும் ஏறக்குறைய ஒன்றுதான். இணைய இணைப்புள்ள விண்டோஸ் கணினியில் கோப்பை இறக்குகிறார்கள். அங்கேயே வலது கிளிக் செய்து அவிழ்க்கிறார்கள். அவிழ்ந்த ஃபோல்டரைப் பென்டிரைவில் போட்டு லினக்ஸ் கணினிக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே கம்பைல் ஆக மறுக்கிறது. மென்பொருளில்தான் கோளாறு என்று நினைத்து வேறு பதிப்பைத் தேடி இறக்குகிறார்கள். அதுவும் மறுக்கிறது. வாரக்கணக்கில் நேரம் போகும் இந்த இடத்தில், பெரும்பாலும் மென்பொருள் மேல் குற்றமே இருக்காது. அவிழ்த்த விதத்தில் சில தகவல்கள் தொலைந்திருக்கும்.

எந்தத் தகவல்கள், எப்படித் தொலைகின்றன, அதைத் தடுப்பது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

பொதிக்குள் இருப்பவை

டார், ஜிப் போன்ற பொதிக்கோப்பைத் திறந்தால் வரைகலைக் கருவி ஒரு பட்டியலைக் காட்டுகிறது: பெயர், அளவு, தேதி. பொதிக்குள் இருப்பது அவ்வளவுதான் என்று தோன்றிவிடும். உண்மையில் ஒவ்வொரு கோப்போடும் இன்னும் பல விவரங்கள் பயணம் செய்கின்றன. அதை இயக்கலாமா, படிக்க மட்டுமா; அது உண்மையான கோப்பா, வேறொன்றைச் சுட்டும் இணைப்பா; யாருக்கு உரியது; எப்போது மாற்றப்பட்டது. ஒரு மென்பொருள் கம்பைல் ஆவதற்கு நிரல் வரிகள் எவ்வளவு தேவையோ அவ்வளவு இந்த விவரங்களும் தேவை.

டார் வடிவம் 1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்தது. யூனிக்ஸ் கோப்புகளைக் காந்த நாடாவில் சேமித்து, பிறகு அப்படியே மீட்பதுதான் அதன் நோக்கம். அதனால் அனுமதியும் உரிமையாளரும் தொடக்கத்திலிருந்தே அதற்குள் இடம்பெற்றன; சிம்லிங்க் இணைப்புகள் பிறகு சேர்ந்தன. ஜிப் வடிவத்தை 1989இல் ஃபில் காட்ஸ் டாஸ் கணினிகளை மனத்தில் வைத்து உருவாக்கினார். டாஸில் இயக்க அனுமதியும் இல்லை, இணைப்புக் கோப்பும் இல்லை. யூனிக்ஸ் விவரங்கள் ஜிப்புக்குள் பின்னால் சேர்க்கப்பட்ட கூடுதல் புலங்களாகவே இருக்கின்றன. அவிழ்க்கும் கருவி அந்தப் புலங்களைப் படித்தால் உண்டு, படிக்காவிட்டால் இல்லை. டார் கோப்பை விண்டோஸில் அவிழ்த்தாலும் இதே கதைதான். கருவி படித்தாலும், எழுதி வைக்க அந்த வட்டில் இடம் இருக்க வேண்டும்.

இயக்க அனுமதி

கான்ஃபிகர் ஸ்கிரிப்டை ஓட்டினால் ‘பெர்மிஷன் டினைட்’ என்று வருவது முதல் அறிகுறி. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வட்டிலோ, பென்டிரைவில் வழக்கமாக இருக்கும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் அமைப்புகளிலோ யூனிக்ஸ் இயக்க அனுமதியை அப்படியே எழுத வழியில்லை. அங்கே அவிழ்த்த கணத்திலேயே அந்த விவரம் போய்விடுகிறது. பிறகு லினக்ஸுக்கு நகலெடுத்தாலும் திரும்பி வராது.

இதற்குப் பலர் செய்யும் வைத்தியம், சிமாட் கட்டளையால் ஃபோல்டர் முழுவதற்கும் 777 அனுமதி கொடுத்துவிடுவது. அதைச் செய்யாதீர்கள். படிக்க வேண்டிய உரைக்கோப்பு முதல் எல்லாமே இயக்கக்கூடியதாகிவிடும். அதைவிட, அந்தக் கணினியில் கணக்குள்ள எவரும் உங்கள் நிரலைத் திருத்தி எழுதலாம் என்றாகிவிடும். ஒரே சர்வரைப் பல ஆய்வாளர்கள் பகிர்ந்துகொள்ளும் ஆய்வுக்கூடத்தில் இது உங்களோடு முடியும் பிழையல்ல. சரியான தீர்வு, ஃபோல்டரை நீக்கிவிட்டு மூலப் பொதியை லினக்ஸ் வட்டில் மறுபடி அவிழ்ப்பதுதான்.

இரட்டை இயங்குதளக் கணினி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். லினக்ஸில் இருந்துகொண்டே விண்டோஸ் வட்டுப்பிரிவில் அவிழ்த்தாலும் இதே சிக்கல் வரும். அங்கே வழக்கமான அமைப்பில் எல்லாக் கோப்புகளும் ஒரே அனுமதியோடு தெரியும். சிமாட் கொடுத்தாலும் மாறாது. உங்கள் லினக்ஸ் ஹோம் ஃபோல்டருக்குள் அவிழ்ப்பதே வழி. விண்டோஸுக்குள் லினக்ஸ் துணையமைப்பை வைத்திருப்பவர்களும் சி டிரைவில் அவிழ்க்காமல், லினக்ஸ் பக்கத்து ஹோம் ஃபோல்டரில் அவிழ்க்க வேண்டும்.

இணைப்புக் கோப்புகள்

சிம்லிங்க் எனப்படும் இணைப்புக் கோப்பில் உள்ளடக்கம் கிடையாது. வேறொரு கோப்பு எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டுமே இருக்கும். லினக்ஸில் ஒரு நூலகக் கோப்புக்குப் பதிப்பு எண்ணோடு ஒரு பெயர், எண் இல்லாமல் ஒரு பெயர் என இரண்டு மூன்று பெயர்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒன்றுதான் உண்மையான கோப்பு, மற்றவை இணைப்புகள். லினக்ஸ் கெர்னலின் மூலநிரலிலும், கருவி விவரக் கோப்புகளைத் தேடும் பகுதியில் இப்படிப்பட்ட இணைப்புகள் உள்ளன.

விண்டோஸில் சாதாரணப் பயனருக்கு இணைப்பு உருவாக்கும் உரிமை வழக்கமாக இருப்பதில்லை. நிர்வாகி உரிமையோ டெவலப்பர் மோடோ வேண்டும். செவன்-ஜிப்பில் அவிழ்க்கும்போது, தேவையான சிறப்புரிமை இல்லாததால் இணைப்பை உருவாக்க முடியவில்லை என்று ஒரு பிழைச் சாளரம் வருவது இதனால்தான். ஆயிரக்கணக்கான கோப்புகள் சரியாக வந்துவிட்டன, நாலைந்து போனால் என்ன என்று அந்தச் சாளரத்தை மூடிவிடுகிறோம். கம்பைலர் தேடப்போவது அந்த நாலைந்தைத்தான். வேறு சில கருவிகள் பிழையே காட்டாமல், முகவரி மட்டும் எழுதிய சிறு உரைக்கோப்பை அந்த இடத்தில் வைத்துவிடும். பெயர் இருக்கும், கோப்பும் இருக்கும், உள்ளே ஒரே ஒரு வரி இருக்கும். கண்டுபிடிக்க மிகவும் கடினமானது இந்த வகைதான்.

பெயரில் வரும் சிக்கல்கள்

லினக்ஸுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிற்றெழுத்தும் வேறு வேறு. விண்டோஸுக்குச் சாதாரணமாக இரண்டும் ஒன்று. கெர்னல் மூலநிரலில் நெட்ஃபில்டர் பகுதியைத் திறந்து பாருங்கள். மார்க், டிஎஸ்சிபி, டிசிபிஎம்எஸ்எஸ் ஆகிய பெயர்களில் ஹெடர் கோப்புகள் இணை இணையாக இருக்கும். ஒன்று பெரிய எழுத்தில், மற்றொன்று சிற்றெழுத்தில். இரண்டின் வேலையும் வேறு. விண்டோஸில் அவிழ்த்தால், ஏற்கெனவே உள்ள கோப்பின் மேல் எழுதவா என்று கருவி கேட்கும். ‘எல்லாவற்றுக்கும் ஆம்’ என்று சொன்னால் ஒவ்வொரு இணையிலும் ஒன்று அழிந்துவிடும்.

சில பெயர்களை விண்டோஸ் அனுமதிப்பதே இல்லை. டாஸ் காலத்துச் சாதனப் பெயர்களான கான், பிஆர்என், ஆக்ஸ், நல் ஆகியவை அப்படிப்பட்டவை. கெர்னலின் நூவோ வரைகலை இயக்கியில் ஆக்ஸ் என்ற பெயரிலேயே ஒரு சி நிரல்கோப்பு இருக்கிறது. பாதை நீளத்திலும் எல்லை உண்டு: விண்டோஸில் வழக்கமான வரம்பு 260 எழுத்துகள். டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டர், அதற்குள் பதிவிறக்கம், அதற்குள் இன்னொன்று என்று ஆழமாக அவிழ்த்தால் உள்ளே இருக்கும் கோப்புகள் விடுபட்டுப்போகும்.

தமிழில் பெயர் வைப்பவர்கள் அறிய வேண்டிய செய்திகள் மூன்று. முதலாவது, ஜிப் வடிவத்தில் யூனிகோடு பெயர்களுக்கான குறியீடு 2006இல்தான் சேர்ந்தது. அதை மதிக்காத பழைய கருவியில் அவிழ்த்தால் தமிழ்ப் பெயர்கள் கட்டங்களும் கேள்விக்குறிகளுமாக வரும். இரண்டாவது, யூடிஎஃப்-8 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் ஆகிறது. லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் எல்லை என்பதால், புள்ளி, கொம்பு, கால் எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணி 85 குறியீடுகளுக்குமேல் போக முடியாது. மூன்றாவது, ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியீடாகவும், முன் கொம்பு, பின் கால் எனப் பிரித்தும். பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அங்கே கட்டிய பொதியை லினக்ஸில் அவிழ்த்தால் ‘கோப்பு’ என்ற பெயர் திரையில் அப்படியே தெரியும். ஆனால் நீங்கள் தட்டச்சு செய்யும் ‘கோப்பு’ என்ற பெயரால் அதைத் திறக்க முடியாது. ஆகவே கம்பைல் செய்யும் நிரலுக்கும் அது தேடும் தரவுக்கும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் பெயர் வையுங்கள். தமிழ்ப் பெயர்களைப் படிக்கும் ஆவணங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நேரமும் வரி முடிவும்

கம்பைல் வேலையை நடத்தும் மேக் என்ற கருவி, எதை மறுபடி கம்பைல் செய்வது என்பதைக் கோப்பின் நேரத்தைப் பார்த்தே முடிவு செய்கிறது. ஆட்டோடூல்ஸ் முறையில் வரும் மூலநிரலில், கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் அதன் மூலக்கோப்புகளைவிடப் புதியதாக இருக்க வேண்டும். நகலெடுக்கும்போதும் அவிழ்க்கும்போதும் எல்லாக் கோப்புக்கும் இன்றைய நேரம் விழுந்துவிட்டால் அந்த வரிசை குலையும். உடனே மேக், ஸ்கிரிப்டையே மறுபடி உருவாக்கப் பார்க்கும். அதற்கான ஏக்லோக்கல் உங்கள் கணினியில் இல்லை என்று பிழை வரும். ஏக்லோக்கலை நிறுவ ஓடாதீர்கள்; பொதியை ஒழுங்காக அவிழ்த்தாலே போதும். ஜிப் வடிவத்தின் அடிப்படை நேரப்புலம் இரண்டு விநாடிக்கு ஒரு படியாகத்தான் குறிக்கிறது, நேர மண்டலத்தையும் சொல்வதில்லை. மூலநிரல் டாராகவும் ஜிப்பாகவும் கிடைத்தால், லினக்ஸுக்கு டாரையே எடுங்கள்.

வரி முடிவு இன்னொரு மறைவான சிக்கல். யூனிக்ஸில் வரி முடிவுக்கு ஒரு குறி, விண்டோஸில் இரண்டு குறிகள். வின்ஜிப்பில் டார் கோப்பின் வரி முடிவுகளைத் தானாக மாற்றும் ஒரு விருப்பத்தேர்வு இருந்தது. அது இயக்கத்தில் இருந்தால் ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே கூடுதல் குறி ஒட்டிக்கொள்ளும். லினக்ஸில் ஓட்டினால் ‘பேட் இன்டர்பிரிட்டர்’ என்று வரும். கருவியின் அமைப்புகளுக்குள் சென்று, உள்ளடக்கத்தை மாற்றும் எந்தத் தேர்வும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பாதி அவிழ்ந்த பொதி

ஜிஇசட் அல்லது எக்ஸ்இசட் என்ற பின்னொட்டோடு வரும் டார் கோப்பு இரண்டு அடுக்கு உள்ளது. உள்ளே டார், வெளியே சுருக்கம். செவன்-ஜிப்பில் முதல் முறை அவிழ்த்தால் பல நேரம் ஒரு பெரிய டார் கோப்பு மட்டும் கிடைக்கும். வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதைக் கம்பைல் செய்வது எப்படி என்று குழம்புகிறார்கள். மறுபடி ஒருமுறை அவிழ்க்க வேண்டும்.

இதைவிட அடிக்கடி நடப்பது, பொதியைச் சாளரத்தில் திறந்து உள்ளே தெரியும் நிரலை அங்கேயே இரட்டைக் கிளிக் செய்வது. கருவி அந்த ஒரு கோப்பை மட்டும் தற்காலிக ஃபோல்டரில் வைத்து இயக்குகிறது. அதற்குத் துணையான நூலகங்களும் தரவுகளும் பொதிக்குள்ளேயே கிடக்கும். நிரல் ஓடாது. உரைக்கோப்பைத் திறந்து திருத்தினாலோ, சாளரத்தை மூடும்போது திருத்தம் போய்விடலாம். ஃபயர்ஃபாக்ஸின் லினக்ஸ் பொதியை இப்படி உள்ளிருந்தே ஓட்டப் பார்த்து, உலாவியே சரியில்லை என்று முடிவு செய்தவர்கள் உண்டு. முழுப் பொதியையும் அவிழ்த்த பிறகே எதையும் தொடுங்கள்.

பாதுகாப்பு

பொதிக்குள் இரட்டைக் கிளிக் செய்வது ஆபத்தும்கூட. 2023இல் வின்ரார் கருவியில் ஒரு ஓட்டை வெளிப்பட்டது. பொதியைத் திறந்து, படம் போலவோ உரை போலவோ தெரிந்த கோப்பைக் கிளிக் செய்தால், அதே பெயரில் மறைந்திருந்த ஸ்கிரிப்ட் ஓடியது. அந்த ஆண்டு ஏப்ரலிலிருந்தே தாக்குதலாளர்கள் அதைப் பயன்படுத்தி வந்தார்கள். ஆகஸ்டில் வந்த 6.23 பதிப்பில்தான் அடைக்கப்பட்டது. அதற்கு முன் 2019இல் அதே கருவியில், நாம் சொன்ன ஃபோல்டருக்கு வெளியே கோப்பை எழுதும் ஓட்டை ஒன்று தெரியவந்தது. அது ஏறத்தாழ 19 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. வின்ரார் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நிறுவியதை இன்னும் வைத்திருந்தால் இன்றே நீக்கிப் புதியதைப் போடுங்கள்.

நம் வட்டாரத்தில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2019 அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம், தன் கணினி ஒன்றில் தீநிரல் கண்டறியப்பட்டது உண்மை என்று அறிவித்தது. செய்தி கூடங்குளம் அணுமின் நிலையம் பற்றியது. பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்த வலையமைப்பில் இருந்த ஒரு பயனரின் கணினி என்றும், முக்கிய உள் வலையமைப்பு அதிலிருந்து தனித்தது என்றும் கழகம் விளக்கியது. அந்தத் தீநிரல் பொதிக்கோப்பில் வந்தது என்று சொல்வதற்காக இதை எடுத்துக்காட்டவில்லை. வலையமைப்பைத் தனியே பிரித்து வைத்திருக்கும் இடங்களில் எந்தக் கோப்பு எல்லை தாண்டுகிறது என்பதுதான் காவல் என்பதை உணர்த்தவே சொல்கிறேன். கல்பாக்கத்தின் சென்னை அணுமின் நிலையமும் அதே கழகத்தின்கீழ்தான் இருக்கிறது. அலுவலகத்துக்குப் பென்டிரைவ் கொண்டுபோகும் விதிகளை முழுமையாகப் பின்பற்றுங்கள். அனுமதி உள்ள இடத்திலும், என்னவென்று தெரியாத பொதியைக் கொண்டுபோகாதீர்கள்.

சரியாக அவிழ்க்கும் முறை

முதலில், பொதியைப் பொதியாகவே கொண்டுபோங்கள். வழியில் எங்கும் அவிழ்க்க வேண்டாம். பென்டிரைவின் வட்டமைப்பு எதுவாக இருந்தாலும், ஒரே கோப்பாக இருக்கும்வரை உள்ளே இருக்கும் அனுமதியும் இணைப்பும் நேரமும் பத்திரமாக இருக்கும். தயிரை உறைந்த பாத்திரத்தோடு எடுத்துப் போவதுபோலத்தான். நடுவழியில் வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் கட்டி உடையும். கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் மட்டும் ஃபேட்32 ஏற்காது. அப்போது எக்ஸ்ஃபேட் அமைப்பில் உள்ள பென்டிரைவை எடுங்கள்.

இரண்டாவது, சரிபார்ப்பு. மென்பொருளை வெளியிடுவோர் பலர் ஷா-256 என்ற 64 குறிகள் கொண்ட சரிபார்ப்புத் தொகையையும் தருகிறார்கள். லினக்ஸில் ஷா256சம் கட்டளையும் விண்டோஸில் செர்ட்யூட்டில் கட்டளையும் அதைக் கணக்கிட்டுக் காட்டும். இறக்கியதும் ஒருமுறை, லினக்ஸ் கணினிக்கு வந்ததும் ஒருமுறை பாருங்கள். ஒரு குறி மாறினாலும் கோப்பு வேறு.

மூன்றாவது, அவிழ்க்கும் முன் பட்டியலைப் பாருங்கள். டெர்மினலில் டார் என்று அடித்து, இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் டி (எஸ்ஸை அடுத்து வருவது), எஃப் என்ற ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் சேர்த்து, பிறகு கோப்பின் பெயரைக் கொடுத்தால் பட்டியல் வரும். எல்லாப் பெயர்களும் ஒரே ஃபோல்டர் பெயரில் தொடங்குகின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், அவிழ்த்ததும் நூற்றுக்கணக்கான கோப்புகள் உங்கள் ஹோம் ஃபோல்டரில் சிதறிவிடும். புதிய ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி அதற்குள் சென்ற பிறகு அவிழ்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, அவிழ்ப்பு. அதே கட்டளையில் டி இருந்த இடத்தில் எக்ஸ் போட்டால் போதும். ஜிஇசட்டா, எக்ஸ்இசட்டா என்பதை இன்றைய குனூ டார் தானே கண்டுகொள்ளும். ஜிப் கோப்பு என்றால் அன்ஜிப் கட்டளை. யூனிக்ஸில் கட்டிய ஜிப்பில் அனுமதிகள் இருந்தால் அவற்றையும் அது மீட்கும். ரூட் கணக்கில் மட்டும் அவிழ்க்காதீர்கள். பொதி கட்டியவரின் பயனர் பெயரோ எண்ணோ கோப்புகளின் உரிமையாளராகப் பதியும். பகிர்ந்த சர்வரில் அது வேறொருவருடையதாக இருக்கலாம்.

ஐந்தாவது, கட்டளை முடிந்ததும் திரையில் வந்ததைப் படியுங்கள். டார் எதுவும் சொல்லாமல் முடிந்தால் நல்லது. ஒரு வரி பிழை வந்திருந்தாலும் அதை விட்டுவிட்டு மேலே போகாதீர்கள்.

விண்டோஸிலேயே அவிழ்த்தாக வேண்டிய நிலை வந்தாலும் கட்டளை உண்டு. 2018 ஏப்ரல் பதிப்பு முதல் விண்டோஸ் 10இலேயே டார் கட்டளை இருக்கிறது. விண்டோஸ் வட்டின் எல்லைகளை அதுவும் தாண்ட முடியாது. ஆனால் உருவாக்க முடியாமல் போன கோப்புகளை வரி வரியாகச் சொல்லிவிடும்.

வரைகலைக் கருவி போதுமான இடங்கள்

புகைப்படங்கள், பிடிஎஃப் நூல்கள், கணியம் போன்ற தளங்களில் கிடைக்கும் மின்னூல்கள், அலுவலக ஆவணங்கள் ஆகியவற்றை வரைகலைக் கருவியில் தாராளமாக அவிழ்க்கலாம். விண்டோஸுக்காகவே ஜிப்பாகக் கட்டிய மென்பொருளுக்கும் அது போதும். முழுவதும் அவிழ்த்த பிறகு இயக்க வேண்டும், அவ்வளவுதான். லினக்ஸில் உள்ள ஃபைல் ரோலர், ஆர்க் போன்றவை லினக்ஸ் வட்டில் அவிழ்க்கும்போது அனுமதியையும் இணைப்பையும் பொதுவாகக் காப்பாற்றிவிடுகின்றன. கட்டி அனுப்பிய இயங்குதளமும் அவிழ்க்கும் இயங்குதளமும் வேறுபடும்போதுதான் கட்டளை வரிக்கு வாருங்கள்.

உதவி கேட்கும்போது

இத்தனைக்குப் பிறகும் கம்பைல் ஆகவில்லை என்றால் துறையில் மூத்தவரிடம் கேளுங்கள். சென்னை, காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழுக்களில் கேளுங்கள். கேட்கும்போது பிழைச் செய்தியை மட்டும் அனுப்பாமல் நான்கு விவரங்களைச் சேர்த்து எழுதுங்கள்: பொதியின் முழுப்பெயர், எந்தக் கணினியில் எந்தக் கருவியால் அவிழ்த்தீர்கள், எந்த வட்டில் அவிழ்த்தீர்கள், ஷா-256 தொகை பொருந்தியதா. பதில் சொல்பவருக்கு இவை இருந்தால் பாதி வேலை முடிந்தது. எழுதும்போதே உங்களுக்கும் காரணம் பிடிபட்டுவிடலாம். ஆய்வுக் குறிப்பேட்டிலும் இந்த நான்கையும் எழுதி வையுங்கள். நீங்கள் பட்டம் பெற்றுப் போன பிறகு அதே கணக்கீட்டை மறுபடி ஓட்ட வரும் அடுத்த மாணவருக்கு, எந்த மூலநிரலிலிருந்து அந்த முடிவுகள் வந்தன என்பதை அந்தக் குறிப்பு ஐயமில்லாமல் காட்டும்.